ஐம்பத்துநான்கில் ஓர் அனுமதிப்பத்திரம்

வாகனம் ஓட்டக் கற்பதற்கு உரிய வயது எது என்று கேட்டால், சட்டம் ஒரு விடை சொல்கிறது. ஊர் வேறொரு விடை சொல்கிறது. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று கீழ் எல்லையை விதித்த சட்டம், கற்கத் தொடங்குவதற்கு மேல் எல்லை எதையும் விதிக்கவில்லை. அக்குறையை ஊர் தன் பொறுப்பில் நிவர்த்தி செய்துகொண்டது. கட்டைபறிச்சானில் ஐம்பத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி முச்சக்கரவண்டியின் சாரதி ஆசனத்தில் அமர்வாளானால், கடைத்தெருவுக்கு ஒரு வாரத்துப் பேச்சு கிடைத்துவிடும். முப்பது ஆண்டுகளாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவருகிறோம்; நம்மிடம் படித்தவர்களே அக்கடைத்தெருவிலும் அமர்ந்திருக்கிறார்கள் என்பது இதில் சேர்ந்த மற்றொரு சங்கடம்.

நமக்கு இந்த எண்ணம் ஆசையினால் உண்டானதன்று. வீட்டு வண்டியை இதுவரை ஓட்டிவந்தவர் நம் கணவர். நீரிழிவு அவருடைய கண்களைத் தொட்டுவிட்டது. எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் பட்டால் வீதியே மறைந்துவிடுகிறது என்கிறார். இரவில் ஓட்டலாகாது என்று வைத்தியர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். சென்ற மாரியில் மாமிக்கு நள்ளிரவில் நெஞ்சு நோவு கண்டபோது, அயல்வீட்டுத் தம்பி எழுந்து வந்து நம் வண்டியிலேயே அவரை மூதூர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தத் தம்பிக்குக் கத்தார் நாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. தை மாதம் புறப்படுகிறார். இனி ஓர் இரவில் அப்படி நேர்ந்தால் யாரை எழுப்புவது?

முன்னாளில் இந்தக் கேள்விக்கு இத்தனை கூர்மை இல்லை. திருகோணமலைப் பட்டினத்துக்குப் போவதென்றால் மூதூர் இறங்குதுறையில் லாஞ்சு ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடப்பதே வழக்கம். தரைவழி சென்றவர்களும் ஒவ்வொரு துறையிலும் பாதைக்காகக் காத்துநின்றே சென்றார்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011-இல் இறால்குழி, கங்கை, உப்பாறு ஆகிய இடங்களிலும் பாலங்கள் வந்தன. இன்று நம் முற்றத்தில் ஏறினால் பட்டினத்து வைத்தியசாலை வாசலில் இறங்கலாம், ஓட்டுவதற்கு ஒருவர் இருந்தால். இடையே ஒன்று: கிண்ணியாப் பாலத்துக்குக் கடனுதவி அளித்தது சவூதி அரேபியா. அந்நாட்டுப் பெண்கள் வாகனம் ஓட்ட உரிமை பெற்றதோ 2018 ஜூன் 24-ஆந் தேதிதான். பாலம் முந்திக்கொண்டது, அனுமதி ஒன்பதாண்டு பிந்தி வந்தது!

நம் மனத்தில் ஆழமாகக் கிடக்கும் காரணம் வேறு. 2006-ஆம் ஆண்டில் மூதூர்க் கிழக்கு மக்கள் வெருகல் வழியாக வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்தபோது நாமும் நடந்தோம். வழியில் ஓரிடத்தில் உழவு இயந்திரம் ஒன்று, பெட்டியும் பூட்டியபடி, சாவியோடு நின்றது. உடைமையாளரின் மூத்த மகன், “யாராவது ஓட்டத் தெரிந்தவர் கொண்டுபோங்கள்” என்று கேட்டுக்கொண்டே நின்றான். அவனுக்குக் கையில் காயம். நம் கூட்டத்தில் இருந்தவர்கள் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும். ஒருவருக்கும் தெரியவில்லை. அறுபதைக் கடந்த மாமி எஞ்சிய தூரத்தையும் கால்நடையாகவே கடந்தார். அவருடைய முழங்கால் அன்று கெட்டதுதான்.

ஆயினும் அச்சம் இல்லாமற் போகவில்லை. அந்தி சாய்ந்ததும் மாடுகள் வீதியை மஞ்சமாக்கிக்கொள்கின்றன; மணல் ஏற்றிய டிப்பர்கள் அவற்றையும் மதிப்பதில்லை, நம்மையும் மதிக்கப்போவதில்லை. பதினெட்டு வயதுக் கைக்கு வரும் விரைவு நம் கைக்கு வராது. தென் கொரியாவில் சா சா-சூன் என்னும் மூதாட்டி 960 முறை தேர்வுக்குத் தோற்றி, 2010-இல் தமது 69-ஆம் வயதில் அனுமதிப்பத்திரம் பெற்றார் என்பதைச் சொல்லி மகள் தொலைபேசியில் நமக்குத் தைரியம் ஊட்டினாள். அந்த அம்மையாரை வணங்குகிறோம். ஆனால், 960 என்ற எண்ணைக் கேட்டதும் நம் தைரியம் பாதியாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“அம்மா, நீங்கள் பந்தயத்துக்கா போகிறீர்கள்? மெதுவாக ஓட்டுங்கள்” என்றாள் அவள். இந்த ஒரு சொல்லே நம்மைத் தெளிவித்தது. வயதில் கற்பவருக்கு விரைவு குறையலாம். வீம்பும் குறைவாகத்தானே இருக்கும்? மூதூர் வரையிலான வீதியில் இன்ன வளைவு, இன்ன மதகு என்று நாம் அறியாதது ஒன்றும் இல்லை. எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தேர்வு நடத்தியே வாழ்ந்தவருக்கு அது பெரிதன்று. முன்னதாகத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். நம் கண் எப்படி இருக்கிறதென்று அதனால் தெரியவரும். கண் சரியில்லை என்றால் பேச்சு அத்துடன் முடிந்தது. சரியென்றால் பழகுவது, முதல் ஆண்டு மூதூருக்கு அப்பால் போவதில்லை, மழை இரவுகளில் வைத்தியசாலைக்கு அன்றி வேறெதற்கும் எடுப்பதில்லை. இவ்வளவையும் நாமும் அவரும் கலந்து முடிவுசெய்தோம்.

மாமியிடம் சொன்னபோது, “இந்த வயதில் உனக்கு இது எதற்குப் பிள்ளை?” என்றார். “உங்களுக்காகத்தான் மாமி” என்றோம். சற்று நேரம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை சான்றிதழுக்குப் போகிறோம். கணவர் வீதிக் குறியீட்டுப் புத்தகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வாசித்து, மாலைதோறும் நம்மிடம் கேள்வி கேட்கிறார். மாமியோ, பழகுகிற நாட்களில் மட்டும் தம்மை ஏற்றக் கூடாது என்று இப்போதே அறிவித்துவிட்டார்.