பை உடையவில்லை

என் சித்தப்பா மேல் விழுந்த பழி என்னுடையது. சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று பயந்து இத்தனை காலம் வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், நான் தைத்த பைகளில் சில இன்னும் யார் யார் வீட்டிலோ, எந்தக் காரின் பின்பக்கத்திலோ இருக்கின்றன. அவற்றால் ஒருவருக்குக் காயம் ஏற்படக்கூடும்.

கம்போங் ராஜாவில் கான்வாஸ் தைப்பது என் தொழில். கேமரன் மலையின் வடக்கு மூலையில் இருக்கும் சின்ன ஊர் இது. ஒரு பக்கம் புளூ வேலித் தேயிலை, மற்ற பக்கமெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய்ப் பாதையில் ஈப்போவுக்கு இறங்கும் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பேன், வேன் இருக்கைகளுக்கு உறை போடுவேன். இந்த மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. என் தார்ப்பாயில் ஒரு சொட்டு இறங்காது என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்கு இருந்த பெருமைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையில் ஒரு கோல்ஃப் திடல் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், 1930-களில் சிறியதாகத் தொடங்கியது. இன்று 18 குழி. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கீழே வெயிலில் ஆட முடியாதவர்கள் இங்கே வருவார்கள். அப்படி ஈப்போவிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவருக்கு என் சித்தப்பா பை சுமந்தார். அப்பாவின் தம்பி. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பிறகும், சனி ஞாயிறுகளில் மட்டைப் பை சுமக்கும் கேடி வேலைக்குப் போவதை அவர் விடவில்லை. காசுக்காக மட்டும் போகவில்லை. இடுப்பில் ஒரு காய்ந்த துணி, ஒரு ஈரத்துணி என்று இரண்டு தொங்கும். அடித்து முடித்த மட்டையின் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றியெடுத்து, பிறகுதான் பைக்குள் விடுவார்.

சித்தப்பாதான் அந்தப் பொறியாளரை என் கடைக்குக் கூட்டி வந்தார். "கடையில வாங்குற பை ரெண்டு மழைக்காலம் தாங்க மாட்டேங்குது தம்பி. லாரிக்குப் போடுற துணியில எனக்கு ஒண்ணு தச்சுக் குடுக்குறியா?" என்று சார் கேட்டார். எனக்கு வேறென்ன வேண்டும்?

நான் தைத்த பையை இப்போது நினைத்துப் பார்த்தால், அதன் ஒவ்வொரு பாகமும் பையைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்பட்டிருந்தது. உள்ளே இருக்கும் மட்டைகளை நான் யோசிக்கவே இல்லை. பிவிசி பூசிய தார்ப்பாய்த் துணி. தையலுக்கு மேல் சூடுவைத்து ஒட்டிய பட்டை. அடியில் ஓட்டை கிடையாது. தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று சவால்விட்டேன். மேலே இறுக்கி மூடும் மூடி. வாய் கோணாமல் நிற்க அலுமினியப் பட்டையை வளைத்து, மேலே மெல்லிய வினைல் சுற்றினேன். ஒரு ஆட்டத்துக்கு 14 மட்டைதான் எடுத்துப் போகலாம் என்பது விதி. ஒவ்வொன்றுக்கும் தனி அறை இருந்தால் ஒன்றோடொன்று உரசாது என்று, மேலிருந்து அடிவரைக்கும் அதே தார்ப்பாயில் 14 தடுப்பு வைத்தேன்.

பிறகு சோதித்தேன். கூரையிலிருந்து கீழே போட்டேன். வேனில் கட்டிச் சரளைக் கல்லில் இழுத்தேன். மருந்தடிக்கும் பம்பால் தண்ணீர் பீய்ச்சினேன். எதற்கும் அசையவில்லை. மட்டைகளை உள்ளே வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மேடு ஏறி இறங்கிப் பார்க்கவில்லை. அதைச் செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. முதல் ஆட்டம் முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். "பைக்குள்ள மூச்சு இல்லடா" என்றார். "அடியில ரப்பர் பிடி மாட்டிக்குது, வெடுக்குன்னு இழுத்தாத்தான் வருது. வாய்ல என்னமோ நறநறங்குது." வெற்றுப் பையே பளுவாக இருக்கிறது என்றும் சொன்னார். தோளில் மாட்டும் சாதாரணப் பை இரண்டரைக் கிலோவுக்குள் இருக்கும். என்னுடையது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மட்டைகளே ஐந்து ஆறு கிலோ வரும். அதற்கு மேல் குடை, பந்து, தண்ணீர்.

நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க தூக்குறவரு சித்தப்பா. தைக்கிறது எனக்குத் தெரியும்."

அவர் போய்விட்டார். அந்தப் பேச்சை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

பைக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். இங்கே காலை வெளிச்சமாக விடியும், மதியத்துக்கு மேல் மழை வரும், அதற்கு முன்னும் பின்னும் மூடுபனி. என்னதான் துடைத்தாலும் ரப்பர் பிடியில் ஈரம் தங்கும், மட்டைத் தலையின் வரிகளில் புல்லும் மண்ணும் ஒட்டியிருக்கும். அந்த ஈரம் என் பையை விட்டு வெளியேற வழியே இல்லை. ஆட்டம் முடிந்ததும் மூடியை இறுக்கிக் காருக்குள் போட்டு ஈப்போவுக்கு இறங்குவார்கள். மலையில் 18, 20 டிகிரி. கீழே 32, 33. உள்ளிருக்கும் ஈரமெல்லாம் ஆவியாகி அங்கேயே அடைந்து நிற்கும். அயர்ன் மட்டைகளுக்குக் குரோம் முலாம் உண்டு. ஆனால் கல்லில் பட்டு முலாம் எங்கே தெறித்ததோ அங்கே துரு பிடிக்கும். மணலிலிருந்து பந்தை எடுக்கும் வெட்ஜ் மட்டைகளில் சிலவற்றுக்கு முகத்தில் முலாமே இருக்காது. அவைதான் முதலில் சிவந்தன. மழையை வெளியே நிறுத்தத் தெரிந்த எனக்கு, உள்ளே போன ஈரத்தை அனுப்பிவைக்கத் தெரியவில்லை.

வாய் வளையம் அதைவிட மோசம். தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டையின் தண்டு கார்பன் இழையைப் பிசினில் தோய்த்துச் சுருட்டிய மெல்லிய குழாய். அதன் பலம் நீளவாக்கில் ஓடும் இழைகளில் இருக்கிறது. பையில் மட்டைகள் தலை மேலே, பிடி கீழே என்று நிற்பதால், தலைக்கு ஒரு சாண் கீழே தண்டு எப்போதும் பையின் வாயில் சாய்ந்திருக்கும். கேடி நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் அதே இடம் உரசும். வினைல் தேய்ந்து அலுமினிய விளிம்பு வெளியே வந்ததும் அது அரம்போல வேலை செய்தது. இழைகளைக் குறுக்கே அறுத்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத கோடு ஒன்றைத் தண்டைச் சுற்றிப் போட்டது. ஒரு நாள் சார் வீசும்போது அந்த இடத்திலேயே முறிந்தது. சாதாரண ஆட்டக்காரர் வீசினாலே மட்டைத் தலை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். தலையின் எடை 200 கிராம். அது பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. பக்கத்தில் நின்றிருந்த யார் மேலும் படவில்லை. எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கும் பழக்கம் சித்தப்பாவுக்கு இருந்தது.

சார் முறிந்த டிரைவரையும் துருப்பிடித்த வெட்ஜ்களையும் பையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "உன் பை அப்படியே புதுசா இருக்கு தம்பி. உங்க சித்தப்பாதான் ஈரத்தோட உள்ள போட்டு மூடுறாரு போல. வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கிறாரு, நானே பாத்தேன்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் பையின் வாயைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினேன். ஓரிடத்தில் விரலை அறுத்தது. எனக்கு முழுவதும் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் சொன்னேன்: "வயசாயிடுச்சு சார். நான் சொல்லி வைக்கிறேன்."

பேசாமல் இருந்திருந்தால்கூடப் பாவம் பாதியோடு போயிருக்கும். வாயைத் திறந்து ஆமோதித்தேன். வளையத்தைச் சரிசெய்வதாகச் சொல்லி, விளிம்பில் பஞ்சு வைத்துச் சுற்றிக் கொடுத்து, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சார் வேறு ஆளை வைத்துக்கொண்டார். ஒரு கேடியை ஒருவர் நிறுத்தினால் ஏன் நிறுத்தினார் என்று மற்றவர்கள் கேட்பார்கள். மட்டையை ஒழுங்காகப் பார்க்க மாட்டார் என்ற பேச்சு பரவியது. இரண்டு துணியைத் தொங்கவிட்டு நடந்த மனிதரைப் பற்றி! சித்தப்பா திடலுக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார். "சாரு கடைக்கு வந்தாராமே, என்ன சொன்னாரு? நீ என்ன சொன்ன?" என்று வீட்டில் ஒரு முறை கேட்டார். "நான் ஒண்ணும் சொல்லலியே சித்தப்பா" என்றேன். சித்தி அப்போது எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

இதற்கு மேலும் ஒன்று செய்தேன். அதை ஒப்புக்கொள்வதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. சித்தப்பா சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடுத்த பைகளைத் திருத்தினேன். மூச்சு இல்லை என்றாரே, அடியில் பித்தளைக் கண்கள் வைத்துத் தண்ணீர் வடிய வழிசெய்தேன். பக்கவாட்டில் மடிப்புக்கு அடியில் வலைத்துணி வைத்தேன், மழை படாமல் காற்று மட்டும் போய்வரும்படி. தார்ப்பாயை விட்டுவிட்டுக் கெட்டி நைலானுக்கு மாறினேன். அது முழுதாக நீர் தடுக்காது, ஆனால் சீக்கிரம் காயும், எடை பாதிகூட இல்லை. 14 அறையைக் கலைத்து வாயில் நான்கு பெரிய தடுப்பு மட்டும் வைத்ததில் பிடி மாட்டிக்கொள்வது நின்றது. அலுமினியத்துக்குப் பதில் வளையும் பிளாஸ்டிக் வளையம், அதன் மேல் கனமான பஞ்சு, அதற்கும் மேல் ரோமத்துணி. எடையை ஒரே தோள் தாங்காமல் இரண்டு தோளுக்கும் பிரியும் வார். பை நன்றாக வந்தது, பாராட்டினார்கள். "எப்படிப்பா இதெல்லாம் தோணிச்சு?" என்று கேட்டவர்களிடம் அனுபவம் என்றேன். யாருடைய அனுபவம் என்று சொல்லவில்லை.

கோல்ஃப் பையின் வரலாற்றைப் பிற்பாடு தேடிப் படித்தேன். முதலில் பையே கிடையாது. கேடிகள் மட்டைகளைக் கட்டாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். 1890-களில் இங்கிலாந்தில் ஆஸ்மண்ட் என்பவர் மரக்கால் வைத்த பை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மட்டைகள் ஈரத் தரையில் கிடக்காமல் நிற்பதற்கு. மட்டைகளுக்கு எண்ணிக்கை வரம்பு வந்தது 1938-இல் அமெரிக்காவில், அடுத்த ஆண்டு பிரிட்டனில். அதற்கு முன்னால் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைப் பையில் திணித்து ஆடியவர்கள் உண்டு. அதையெல்லாம் ஆடியவர்கள் சுமக்கவில்லை. இதைப் படித்தபோது நான் சித்தப்பாவிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் காதில் கேட்டது. தூக்குறவரு. தூக்குகிறவருக்குத் தெரியாத எதை நான் தெரிந்து வைத்திருந்தேன்?

போன தீபாவளிக்கு முன்னால் சித்தப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், கூலி வாங்கியது உட்பட. அவர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "என்கிட்ட சொல்லி என்னடா ஆகப்போவுது? யாருகிட்ட என் பேர் கெட்டுச்சோ அங்க போய்ச் சொல்லு" என்றார்.

ஈப்போவுக்குப் போனேன். சார் முழுவதையும் கேட்டார். நான் நீட்டிய பணத்தை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு பொறியாளராக ஒரே கேள்வி கேட்டார்: "எனக்கு அப்புறம் இதே வளையம் வச்சு வேற யாருக்கெல்லாம் தச்ச?" நான் அதுவரை அதை யோசித்ததே இல்லை. சித்தப்பாவின் பழி, என் பொய், என் வெட்கம் என்று சுற்றிக்கொண்டிருந்தவன், அந்தத் தண்டு முறிந்து தலை பறந்ததை மறந்திருந்தேன். பைகளைத் திருத்துவதற்கு முன்னால், தார்ப்பாய்ப் பையைப் பார்த்து ஆசைப்பட்டுச் சிலர் கேட்டிருந்தார்கள், அதே அலுமினியத்தோடு தைத்துக் கொடுத்திருக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் எல்லோர் பெயரும் இல்லை. சிலர் கை மாற்றி விற்றும் இருப்பார்கள்.

சார் அடுத்த வாரமே மலையேறி வந்து சித்தப்பாவைப் பார்த்துப் பேசினார். திரும்ப வரச் சொல்லிக் கேட்டார். சித்தப்பா முழங்காலைக் காட்டி முடியாது என்றார். திடலுக்குப் போகாமல் இருந்த அந்த வருஷங்களில் அவரால் நடக்க முடிந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் நடந்திருப்பார். அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஆகவே, கம்போங் ராஜாவில் தைத்த பச்சைத் தார்ப்பாய் கோல்ஃப் பை உங்களிடம் இருந்தால், முதலில் மட்டைகளை வெளியே எடுங்கள். வாய் வளையத்தைத் துணி சுற்றிய விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது உலோகம் தட்டுப்பட்டால் அந்தப் பையை இனிப் பயன்படுத்த வேண்டாம். கார்பன் தண்டு ஒவ்வொன்றையும் தலைக்கு ஒரு சாண் கீழே வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய கோடு தெரிந்தால், வண்ணம் மட்டும்தான் போயிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால் அந்த மட்டையை வீசவே கூடாது. பையைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், வளையத்தை மாற்றி அடியில் ஓட்டை போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். மட்டை முறிந்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ அதன் விலையைச் சொல்லுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டாலும் கொடுத்துத் தீர்ப்பேன். மட்டை கெட்டதற்காக உங்கள் கேடியை நிறுத்தியிருந்தால், அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். நானே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன்.