ஓடையைக் கடந்த பிறகு

சென்ற மாதம் ஒருநாள் அதிகாலையில் நியூசிலாந்திலிருந்து என் தமையனாரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். அந்நாட்டின் தெற்குத் தீவிலே, மழைக்கும் சேற்றுக்கும் குறைவில்லாத சவுத்லாந்துப் பகுதியில், பாற்பண்ணை ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் மாடு கறக்கிறான் அவன். வேலிகளைச் சுற்றிப் பார்க்கவும், கன்றுகளுக்குத் தீனி ஏற்றிச் செல்லவும், மாடுகளை ஓட்டிவரவும் அங்கே நான்கு சில்லு மோட்டார் சைக்கிள் இன்றியமையாதது. குவாட் என்பது அதற்கு வழங்கும் பெயர். உடன்படிக்கையின்படி அவ்வண்டியை அவனே வாங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

“சித்தப்பா, ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு பழசு, முன்னுக்கும் பின்னுக்கும் டிரம் பிறேக். மத்தது எல்லாம் டிஸ்க். ஆனா விலை ரெண்டு மடங்கு. தங்கச்சி கலியாணமும் வருது. டிரம் போதும்தானே?”

“போதும்” என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஹட்டனிலே நாற்பது ஆண்டுகள் கராஜ் நடத்தியவன் நான். டிரம் பிறேக்கை நம்பி மலையிறங்கிய பஸ்களையும் லொறிகளையும் எண்ணி முடியாது. ஆயினும் அச்சொல் வெளிவரவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன், மகன்” என்று வைத்துவிட்டேன். காரணம் 1973 ஆம் ஆண்டின் ஐப்பசி மாதத்து மாலை ஒன்று.

அப்பொழுது எனக்கு வயது பதின்மூன்று. என் தந்தையார் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லான்ட் றோவர் சாரதி. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அன்று லயத்திலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, வைத்தியசாலைக்குக் கொண்டு போகவேண்டியதாயிற்று. பின்னால் அவளும் அவளுடைய தாயாரும். முன்னால் லாந்தருடன் நான். கொட்டும் மழை. தோட்டத்துச் சாலையை ஓர் ஓடை குறுக்கே கடந்து பாயும். அதற்கப்பால் சாலை மீண்டும் சரிவாகவே இறங்கும். நீர் சில்லுகளின் நடுமட்டத்திற்கு மேலே நின்றது. கடந்துவிட்டோம். அடுத்த வளைவை நெருங்கும்போது தந்தையார் பிறேக்கை மிதித்தார். கால் தரைமட்டம்வரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. மீண்டும் மிதித்தார். சில்லுகள் கேட்பதாயில்லை.

வண்டி இரண்டாம் கியரில் இருந்தது. அக்காலத்து லான்ட் றோவரில், ஓடிக்கொண்டிருக்கையில் முதல் கியருக்குள் நுழைவது எளிதன்று. இடப்பக்கம் பள்ளம். தந்தையார் கை பிறேக்கை இழுத்தார். “டக்” என்று அடியிலே ஏதோ முறிந்தது. முறிவதற்குள் வேகம் பாதியாகக் குறைந்திருந்தது. எஞ்சிய வேகத்தை, வலப்பக்கத்து மண்மேட்டிலே வண்டியை உராயவிட்டுக் கொன்றார். தாயார் ஓலமிட்டார், நான் லாந்தரைக் கெட்டியாகப் பிடித்தபடி இருந்தேன். பின்னர் கொழுந்து லொறி ஒன்று வந்து அப்பெண்ணை ஏற்றிச் சென்றது. அன்றிரவே பெண் குழந்தை பிறந்தது.

இவ்விடத்தில் வாசகர்களுக்குச் சிறிது விளக்கம் சொல்ல வேண்டும். டிரம் பிறேக் என்பது சில்லோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புச் சட்டி. அதன் உள்ளே பிறைவடிவான இரண்டு கட்டைகள் உண்டு. மிதியை அழுத்தினால் அவை விரிந்து சட்டியின் உட்சுவரைப் பற்றும். சுழலும் சட்டியே முன்கட்டையைத் தன்னோடு இழுத்து அழுத்தத்தை மிகுவிக்கும்; ஆகையால் சிறு பலமே போதும். சேறு தெறித்தாலும் சட்டி மூடியிருப்பதால் எளிதில் உள்ளே போகாது. ஆனால் ஒருமுறை உள்ளே புகுந்த நீர் எங்கே போகும்? கட்டைக்கும் சுவருக்கும் இடையே வழுக்கிக்கொண்டு நிற்கும். அதனாற்றான் பழைய சாரதிகள் நீரைக் கடந்ததும் சிறிது தூரம் பிறேக்கை மெல்ல அழுத்தியபடியே ஓட்டி, உராய்வுச் சூட்டிலே அதை உலர்த்துவார்கள். என் தந்தையாரும் எந்நாளும் அவ்வாறே செய்பவர். அன்று பின்னாலிருந்து வந்த முனகல் அவரை விரைவுபடுத்திவிட்டது. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

கை பிறேக் மாத்திரம் எப்படிப் பிடித்தது? அந்த வண்டியில் அது சில்லுகளில் இல்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னே, பின்னச்சுக்குப் போகும் சுழல்தண்டின்மேல் தனியொரு சிறு டிரமாக, சில்லுகளின் டிரம்களைவிட உயரத்திலே இருந்தது. நீர் அதனை எட்டவில்லை. அஃது ஓடும் வண்டியை நிறுத்துவதற்கன்று, நின்ற வண்டியைப் பிடித்து வைப்பதற்கே அமைந்தது. ஓட்டத்தில் இழுத்தால் பின்னச்சுத் தண்டு முறியலாம். முறிந்தது.

தோட்டத்து அலுவலகம் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஓடும்போது கை பிறேக்கை இழுத்தது சாரதியின் பிழையென எழுதி, தண்டின் விலையைச் சம்பளத்திற் பிடித்தார்கள். பிறேக்குகள் முந்திய மாதமே பார்க்கப்பட்டன என்று புத்தகத்திலே குறிப்பு இருந்தது. தொழிற்சாலைப் பிற்றர் ஒருவர் டிரம்களைக் கழற்றியபோது நானும் அருகில் நின்றேன். உள்ளே தயிர்போலக் களிமண். கட்டைகளின் மேலுறை தேய்ந்து ஆணித்தலைகள் தெரிந்தன. பல மாதங்களாக யாரும் திறந்து பார்க்கவில்லை என்பது பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கும் விளங்கிற்று. புத்தகக் குறிப்பு மாறவில்லை. தந்தையார் இறக்கும்வரை அக்குற்றம் அவர் பேரிலேயே இருந்தது. நான் ஸ்பனர் பிடிக்கத் தொடங்கியதற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

டிஸ்க் பிறேக்கிலே சட்டி இல்லை. சில்லோடு சுழலும் தட்டு ஒன்றை, சுழலும் நாணயத்தை இரு விரல்களால் பற்றுவதுபோல, இருபுறமும் உராய்வுத் துண்டுகள் பற்றும். தட்டு வெளியே இருப்பதால் சேறு அதன்மேல் நேராகவே படும்; மணல் துண்டுகளை விரைவில் தின்னும். மெய்தான். ஆனால் சுழற்சி நீரை எறிந்துவிடும். துண்டுகள் மிச்சத்தைத் துடைத்துவிடும். நெடிய இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து கட்டையை விட்டு விலகிப்போகும். தட்டோ காற்றிலே ஆறும். எல்லாவற்றிற்கும் மேலாக, துண்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறதென்று குனிந்து பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். புத்தகத்திலே பொய் எழுதுவது சற்றுக் கடினம்.

இங்கிலாந்திலே லான்செஸ்டர் என்பவர் டிஸ்க் பிறேக்குக்கு உரிமை பெற்றது 1902 இல். பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் மோட்டார்கள் அதைக்கொண்டு வென்றது 1953 இல். லான்ட் றோவரின் முன்சில்லுகளுக்கு அது வந்ததோ 1983 இல். உழைக்கும் வண்டிகளுக்கு நல்லவை கடைசியாகத்தான் வந்து சேரும் போலும். குவாட்டின் கதையும் அவ்வாறே. 1982 இல் சுசுக்கி நான்கு சில்லு வண்டியை விற்கத் தொடங்கிய பின்னர், டிரம் பிறேக்குள்ள பண்ணை வண்டிகள் நெடுங்காலம் வந்துகொண்டேயிருந்தன. இன்றும் பின்னச்சுக்கு மூடிய டிரம்மை வைக்கும் உற்பத்தியாளர் உண்டு. அதன் இரப்பர் வளையங்கள் புதிதாயிருக்கும்வரை நீர் புகாது. இறுகி வெடித்தபின் புகுந்த நீர் வெளியேறாது.

மறுநாள் இவற்றையெல்லாம் சொன்னேன். “பணம் இருந்தால் டிஸ்க் வண்டியை எடு. இல்லையென்றால், பழைய வண்டிக்குக் காசு கொடுக்கும் முன்னே டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்” என்றேன்.

“கழற்றச் சொன்னா கோவிச்சுக்குவாங்களே, சித்தப்பா.”

“கோபிக்கட்டும்.”

விற்பவர் கோபிக்கவில்லையாம். சிரித்துக்கொண்டே கழற்றினாராம். சிறுவன் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் ஐம்பது ஆண்டுகள் பின்னே போய்விட்டேன். அதே களிமண், நிறம் மாத்திரம் சற்றுக் கறுப்பு. அதைக் காட்டி விலையைக் குறைத்து, அவன் அந்த டிரம் வண்டியையே வாங்கிவிட்டான்! தங்கையின் கலியாணம் தையிலே. நான் ஏசவில்லை. புதிய கட்டைகளும் வளையங்களும் அவனே மாட்டினான். நான் தொலைபேசியில் இருந்தபடி ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்குக் கேட்டேன்.

நேற்றும் அழைத்தான். அங்கே மூன்று நாளாக மழையாம். பண்ணைக் கால்வாய் நிரம்பி ஓடுகிறதாம்.

“கடந்தாயா?” என்றேன்.

“கடந்தேன், சித்தப்பா. வேலி முடியிற வரைக்கும் பிறேக்கை மெதுவா அழுத்திக்கிட்டே போனேன். மாடுங்கதான் என்ன இவ்வளவு மெதுவா வர்றான்னு திரும்பிப் பார்த்துச்சு.”