வழியும் கார்புரேட்டர்

2014 வரை உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசிடரின் பழைய பெட்ரோல் வண்டிகளில், கார்புரேட்டர் வழிந்ததும் அதையே கழற்றிப் புதிதாக மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவே. கார்புரேட்டரின் மிதவை அறையில் பெட்ரோல் மட்டம் உயரும்போது, ஃப்ளோட் எனப்படும் மிதவை மேலெழுந்து, நீடில் வால்வு என்னும் ஊசிமுனை அடைப்பானை அதன் இருக்கையில் அழுத்தி வரத்தை நிறுத்துகிறது. அவ்விருக்கையில் தூசி சிக்கினாலோ, ஊசிமுனை தேய்ந்தாலோ, மிதவை துளைபட்டுப் பெட்ரோலை உள்வாங்கிக் கனத்தாலோ வரத்து நிற்காமல் வழியும். பித்தளை மிதவையாயின், காதருகே குலுக்கினால் உள்ளிருக்கும் பெட்ரோல் சலசலக்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழ்கள் கிளம்பும்.

இவை யாவும் சரியாக இருந்தும் வழிந்தால், கேம் ஷாஃப்ட்டின் சுழற்சியால் இயங்கும், பட்டறைகளில் ஏசி பம்ப் என்றழைக்கப்படும் எரிபொருள் பம்பை ஐயுறலாம். பொருந்தாத ஸ்பிரிங்கைப் போட்டுச் செப்பனிட்ட பம்பின் மிகையழுத்தம் நல்ல நீடில் வால்வையும் தள்ளித் திறந்துவிடும் (இதற்குப் பழி என்னவோ கார்புரேட்டர் மீதுதான்). பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் சவ்வாகிய டயஃப்ரம் கிழிவது இன்னும் மோசமானது. பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்வதால் பேரிங்குகள் தேயத் தொடங்கும். ஆயில் பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தாலே இது புலப்படும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சவ்வுகள் ஊறி உப்பக்கூடுமாதலால், அதைத் தாங்கும் டயஃப்ரத்தையே கேட்டு வாங்க வேண்டும்.