மதிப்பெண்ணுக்கு வந்தவர்களும் மொழிக்கு நின்றவர்களும்

பிரெஞ்சு இலக்கியப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கும் பிள்ளைகளே, உங்களில் பலர் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தது அந்த மொழியின் மேல் கொண்ட ஆசையால் அல்ல என்பது எனக்குத் தெரியும். தமிழில் கை வலிக்க எழுதினாலும் கிடைக்காத மதிப்பெண் பிரெஞ்சில் சுலபமாகக் கிடைக்கும் என்று வீட்டிலோ டியூஷனிலோ சொல்லியிருப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த வாசல் வழியாக வந்தாய் என்று எந்த மொழியும் கேட்பதில்லை. எத்தனை காலம் தங்கினாய் என்பதை மட்டும் அது மறப்பதில்லை.

புதுச்சேரியில் இந்தப் பாடத்தைப் படித்து, தலை நரைக்கும் வரை அதையே கல்லூரியில் கற்பித்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாண்டு இனிமையாகப் போகும். பெயர் சொல்வீர்கள், ஊர் சொல்வீர்கள், கடையில் காபி கேட்பீர்கள், வீட்டில் பாட்டி முன்னால் நாலு வாக்கியம் பேசிக் காட்டுவீர்கள். அப்புறம் சொல்வதெழுதுதல் வரும். பிரெஞ்சில் ஒரே வினைச்சொல்லின் பல வடிவங்கள் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். தாளில் அவற்றின் முடிவுகள் வேறு வேறு. செய்தவன் நானா, நீயா, அவர்களா என்று மனத்தில் இருத்திக்கொண்டால்தான் ஒலிக்காத அந்தக் கடைசி எழுத்துகள் சரியாக விழும். கேட்டதைக் கேட்டபடி எழுதிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஒரு செய்தி சொல்கிறேன், ஆறுதலாக இருக்கும்: பிரான்ஸில் பிறந்த குழந்தைகளும் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் சொல்வதெழுதுதல் எழுதி, சிவப்பு மை வாங்கித்தான் தேறுகிறார்கள்.

ஓர் ஆண்டு என் வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவன் பள்ளியில் பிரெஞ்சில் முழு மதிப்பெண்ணுக்கு மிக அருகில் வாங்கியவன். இன்னொருவன் தமிழ்வழியில் படித்து, பிரெஞ்சை அரிச்சுவடியிலிருந்து தொடங்கியவன். முதல் பருவத்தில் இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம். மூன்றாம் ஆண்டில் அந்தத் தூரம் தலைகீழாகியிருந்தது. காரணம் புத்திக்கூர்மை அல்ல. முதலாமவன் கேள்விகளையும் விடைகளையும் மனப்பாடம் செய்திருந்தான். கேள்வி மாறியதும் அவன் கையில் ஒன்றும் இல்லை. இரண்டாமவன் வீட்டில் தமிழ் நாவல்கள் வாசித்து வளர்ந்தவன். ஒரு கதை எங்கே திரும்புகிறது, யார் குரலில் பேசுகிறது என்பது அவனுக்குத் தெரியும். தெரியாதது பிரெஞ்சு மட்டுமே. அதை உட்கார்ந்து தேடிக்கொண்டான். தாய்மொழியில் வாசிக்கத் தெரியாதவன் பிறமொழியில் வாசிப்பான் என்று நான் நம்புவதில்லை. ஆகவே பிரெஞ்சு படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு முதலில் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுப்பேன். சிலருக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் இலக்கியம் வரும். பிரெஞ்சுப் பல்கலைக்கழக மரபில் ஒரு பயிற்சி உண்டு. ஒரு நாவலிலிருந்து இருபது, முப்பது வரிகளைக் கொடுத்து, அவற்றை மட்டும் வைத்துப் பேசச் சொல்வார்கள். ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு அங்கே உதவாது. இந்த வாக்கியம் ஏன் இவ்வளவு நீளம், இந்த இடத்தில் காலம் ஏன் மாறுகிறது, இந்த அடைமொழி யாருடைய பார்வை என்று சொல்லியாக வேண்டும். கைடு வாங்கிப் படித்தவர்கள் திணறுவது இங்கேதான்.

அப்படிப் படிக்கும் வரிகள் எப்படிப் பிறந்தன என்பதையும் பாருங்கள். நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேர் ‘மதாம் பொவாரி’யை எழுத 1851 முதல் 1856 வரை எடுத்துக்கொண்டார். ரூவான் நகருக்குப் பக்கத்தில், சேன் ஆற்றங்கரை வீட்டில் இருந்துகொண்டு, எழுதிய வாக்கியத்தை உரக்கப் படித்துப் பார்ப்பார். காதில் இடறினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். ஐந்து ஆண்டுகள் உழைத்து முடித்ததற்கு முதலில் கிடைத்தது பரிசு அல்ல, வழக்கு. பொது ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று 1857 ஜனவரியில் கூண்டில் நிறுத்தினார்கள், பிப்ரவரியில் விடுதலை. அதே ஆண்டு, அதே அரசு வழக்கறிஞர், போதலேரின் கவிதைத் தொகுப்பின் மீதும் வழக்குத் தொடர்ந்தார். போதலேருக்கு அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அந்தத் தீர்ப்பு ரத்தானது 1949இல். அப்போது கவிஞர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவருடைய வாழ்நாளில் நியாயம் கிடைக்கவில்லை; கவிதைகள் காத்திருந்தன. ஒரு பத்தியை நாலு முறை படித்தும் பிடிபடவில்லை என்று அலுத்துக்கொள்ளும் மாணவர்களிடம் நான் இந்த 1857ஆம் ஆண்டைத்தான் சொல்வது வழக்கம். அந்த இருவரும் எழுதியதற்குப் பட்ட பாட்டில் ஒரு சிறு பங்கையாவது நாம் வாசிப்பதற்குப் படலாம்.

இனிப் பண்பாடு. கல்லூரிகளில் பிரெஞ்சுப் பண்பாட்டு நாள் என்றால் ஈஃபில் கோபுரத்தின் படம், மூவர்ணக் கொடி, கொஞ்சம் பாலாடைக்கட்டி. இருக்கட்டும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் வேண்டும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

ஆல்பெர் காம்யுவின் 1942ஆம் ஆண்டு நாவல் ‘அந்நியன்’ எங்கள் பாடத்தில் இருந்தது. வெ. ஸ்ரீராம் அதைப் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார், நீங்களும் படித்திருக்கலாம். அல்ஜீரியக் கடற்கரையில், வெயிலில், கதாநாயகன் மெர்சோ ஓர் அரபு மனிதனைச் சுட்டுக்கொல்கிறான். நான் அபத்தத் தத்துவத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். கடலோரக் கிராமத்துப் பெண், அதிகம் பேசாதவள். “செத்தவனுக்கு ஏன் சார் பேரே இல்ல?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. “சுட்டவனுக்குப் பேர் இருக்கு, அவன் பக்கத்து வீட்டு நாய்க்காரருக்கும் பேர் இருக்கு” என்றாள்.

அந்தக் கேள்வியை உலகின் பெரிய விமர்சகர்கள் சிலர் ஏற்கெனவே எழுப்பியிருந்தார்கள். ஆனால் அவள் அவர்களைப் படித்தவள் அல்ல. பல ஆண்டுகள் கழித்து, 2013இல், கமெல் தாவூத் என்ற அல்ஜீரிய எழுத்தாளர் அந்தச் செத்தவனுக்குப் பெயர் கொடுத்து, அவனுடைய தம்பியின் வாயால் ஒரு நாவலே எழுதினார்; அதுவும் பிரெஞ்சு மொழியில். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். நம் ஊரிலிருந்து பிரெஞ்சு படிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி கேட்கும் உரிமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. அல்ஜீரியா விடுதலை பெற்றது 1962 ஜூலையில். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது அதே 1962, ஆகஸ்ட் 16. ஓரிடத்தில் எட்டாண்டுப் போர், இன்னோரிடத்தில் ஒப்பந்தம். பிரெஞ்சு வரலாறு என்பது வெர்சாய் அரண்மனை மட்டுமல்ல. மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேரும், செனகலின் கவிஞர் செங்கோரும், நம் ஆனந்தரங்கப் பிள்ளையும் அதில் இருக்கிறார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த பிள்ளையவர்கள், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். பிரெஞ்சுக்காரர்களை நாம் பார்த்த பார்வை எப்படி இருந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி நம்மிடம் இல்லை.

சொல்தா வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், வீட்டில் பிரெஞ்சு புழங்குகிறது என்பது நல்ல தொடக்கம். அதை நம்பி நூலகத்துக்கு வராமல் இருந்தவர்கள், வெறுங்கையோடு வந்தவர்களிடம் பின்தங்கியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மொழித்தேர்ச்சியை ஐரோப்பிய அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு படிகளில் வாரத்துக்கு வாரம் வளர்ச்சி தெரியும். பி1 தாண்டி பி2வை நோக்கிப் போகும் காலத்தில் ஒன்றும் நகராததுபோல் இருக்கும். செய்தித்தாள் பாதி புரியும், பாதி புரியாது. சினிமாவில் சிரிப்பு கேட்கும், சிரிக்கவைத்த வசனம் பிடிபடாது. கிணறு வெட்டும்போது மண் முடிந்து பாறை வரும் இடம் அது. பெரும்பாலோர் அங்கேதான் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் காலத்தில் புதிய பயிற்சி நூல்களைத் தேடி ஓடாதீர்கள். ஒரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தினமும் இரண்டு பக்கம், புரிந்தாலும் புரியாவிட்டாலும் உரக்கப் படியுங்கள். வேறு மருந்து எனக்குத் தெரியாது.

வேலை கிடைக்குமா என்று உங்கள் பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டியவர்கள். பள்ளி ஆசிரியர் வேலை இருக்கிறது. பன்னாட்டு நிறுவனங்களில் பிரெஞ்சு வாடிக்கையாளரைக் கவனிக்கும் வேலை இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலையும் உண்டு. ஆனால் இயந்திரம் செய்யக்கூடிய மொழிபெயர்ப்புக்கு இனிக் கூலி குறையும், அதை மறைக்க மாட்டேன். ஒரு வாக்கியத்தின் தொனியில் உள்ள கேலியையும் தயக்கத்தையும் கண்டு சொல்லக்கூடியவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும். அந்தத் திறமை பி2 சான்றிதழோடு வந்துவிடாது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். விக்தோர் யுகோவின் பெரிய நாவலைச் சுத்தானந்த பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். அது 1950இல் திரைப்படமாகவும் வந்தது. அவருக்குப் பிறகும் சிலர் பிரெஞ்சிலிருந்து நேரடியாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் தமிழில் நாம் படிக்கும் பிரெஞ்சு எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததுதான். மூன்று ஆண்டுகள் பிரெஞ்சு படித்துவிட்டுப் போகும் உங்களில் ஒவ்வொருவரும் ஒரு சிறுகதையையாவது தமிழாக்கிப் பாருங்கள். மாப்பஸானில் தொடங்கலாம், வாக்கியங்கள் தெளிவானவை, கதைகள் சிறியவை. எழுதி முடித்ததும் உங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோகும் முன், பிரெஞ்சே தெரியாத, நன்றாகத் தமிழ் வாசிக்கிற ஒருவரிடம் கொடுங்கள். அவர் எங்கே முகம் சுளிக்கிறாரோ, அந்த வாக்கியத்தை மறுபடி எழுதுங்கள்.