நோட்டில் நின்றுபோன நான்கு பக்கங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரே நாளில் இருவர் நீதிபதிகளாகப் பதவியேற்றார்கள். ஓர் ஆண், ஒரு பெண். இருவரும் வழக்கறிஞர்களாக இருந்தவர்கள். இருவரைப் பற்றியும் நாளிதழில் எழுதியது நான்தான்.

முந்தின நாள், அந்த அம்மாவிடம் ஜூனியராக இருந்த ஒரு பெண் எனக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். பேச்செல்லாம் விபத்து வழக்குகள்தான். இறந்துபோன இல்லத்தரசிக்கு வருமானம் ஏது என்று இன்ஷூரன்ஸ் தரப்பு கேட்கும்போது, அம்மா 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன லதா வாத்வா தீர்ப்பை எடுத்துவைப்பாராம். ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கு அது. வீட்டுவேலைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. இன்றைய விலைவாசிக்கு அது எந்த மூலைக்கு என்று வாதாடி, கூடுதலாக வாங்கித் தருவாராம். நான்கு பக்கம் குறித்துக்கொண்டேன்.

அச்சில் வந்தது அவருடைய அப்பா, துணை நின்ற மாமியார், ஞாயிற்றுக்கிழமைச் சமையல், மயில்கழுத்து நிறப் பட்டு. ஆண் நீதிபதிக்கு அவர் நடத்திய ஏழு வழக்குகள்.

காலையில் போன் வந்தது. "அக்கா, நான் சொன்ன கேஸ் ஒண்ணுகூட வரலையே?"

இடம் போதவில்லை என்றேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டார்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 3,000 என்பதை நானே இரண்டு முறை வட்டமிட்டிருந்தேன். ஓரத்தில் 'முக்கியம்' என்று என் கையெழுத்து. யாரும் வெட்டச் சொல்லவில்லை. எழுதும்போதே விட்டிருக்கிறேன். நைட் டூட்டி பார்க்கிற என்னிடம் "வீட்ல யாரு சமைப்பாங்க?" என்று கேட்டவர்கள்மேல் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன்! அந்த ஆணின் வீட்டு அடுப்படி என் நினைப்பிலேயே வரவில்லை.

1959-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் அன்னா சாண்டி, 1989-ல் உச்ச நீதிமன்றத்தில் பாத்திமா பீவி. 'முதல் பெண்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவர்கள் எழுதிய ஒரு தீர்ப்பைச் சொல் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

அந்தப் போனுக்குப் பிறகு அந்த ஜூனியர் பெண் என்னிடம் வழக்கு பற்றிப் பேசுவதில்லை. வராந்தாவில் பார்த்தால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான். அடுத்து ஒரு பெண் நீதிபதி வந்தபோது, அவர் நடத்திய வழக்குகளின் தீர்ப்புகளைத் தேடி எடுத்து நானே படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. புரியாத இடங்களில் கேட்க ஆளில்லை.