பல் மருத்துவரின் பனிச்சக்கரம்

பனி வீசும் எந்திரமான ஸ்னோ புளோயரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கனடாவில் கேட்டால், ஆர்தர் சிக்கார் என்ற பெயர்தான் வரும். கியூபெக்கில் 1876-இல் பிறந்தவர். பதினெட்டு வயதில், வயலில் ஓடிய கதிரடிக்கும் எந்திரத்தைப் பார்த்ததும் இதையே பனிக்கும் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியதாம். 1925-இல் முதல் எந்திரத்தைச் செய்தார். 1927-இல் மான்ட்ரியலை ஒட்டிய ஊத்ரமோன் நகரத்துக்கு ஒன்றை விற்றார்.

நல்ல கதைதான். பழைய காப்புரிமைகளைத் தோண்டுகிறவருக்கோ இது பாதியில் தொடங்கும் கதை.

அவர் 1869 வரைக்கும் போவார். கனடா தன் முதல் எண்ணிட்ட காப்புரிமையை வழங்கிய ஆண்டு அது. அதே ஆண்டில் டொராண்டோவின் பல் மருத்துவர் ஜே. டபிள்யூ. எலியட், தட்டையான தகடுகள் கொண்ட சக்கரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ரயிலின் முன்னால் பொருத்தினால் அது சுழன்று தண்டவாளத்துப் பனியை வாரி வெளியே தள்ளும். பல்லைக் குடைந்த கை பனியையும் குடையப் பார்த்தது என்று சிரிக்கலாம். ஆனால் எந்திரத்தைக் கட்டிப்பார்க்க யாரும் முன்வரவில்லை. மறு ஆண்டு நியூ பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ராபர்ட் கார் ஹாரிஸ், திருகு வைத்துப் பனியைக் குடையும் ரயில்பாதை எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

எலியட்டின் சக்கரத்தைக் கையில் எடுத்து வளர்த்தவர் ஒண்டாரியோவின் ஆரஞ்சு ஜல். மாதிரிகள் செய்து மணலில் ஓட்டிப் பார்த்தார். கெட்டிக்காரத்தனம், மணலுக்குக் குளிர்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1883–84 குளிர்காலத்தில் லெஸ்லி சகோதரர்கள் என்பவர்கள் அவருக்காக முழு அளவு எந்திரத்தைக் கட்டினார்கள். அது வேலை செய்தது. ஜல் உரிமையை அவர்களுக்கே விற்றுவிட்டார். நியூ ஜெர்சியின் பேட்டர்சனில், குக் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் எந்திரங்கள் உருவாகத் தொடங்கின. பிறகு ஜல், அந்த விசிறிச் சக்கரத்தை விட்டுவிட்டுக் கூம்பு வடிவத் திருகு ஒன்றோடு மறுபடி களமிறங்கினார். ரயில் கம்பெனிகள் லெஸ்லி எந்திரத்தையே விரும்பின.

இன்று வீட்டு வாசலில் தள்ளிக்கொண்டு போகும் பெரிய ரக ஸ்னோ புளோயரைத் திறந்து பார்த்தால், முன்னால் மெதுவாகச் சுற்றிப் பனியை நடுவுக்கு இழுக்கும் திருகு. அதன் பின்னால் வேகமாகச் சுழன்று குழாய் வழியே பனியை எறியும் விசிறி. நேர் வாரிசு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் போட்டியில் தோற்ற யோசனையும் வென்ற யோசனையும் ஒரே தகரக் கூட்டுக்குள் குடித்தனம் நடத்துகின்றன.

இதையெல்லாம் தேடி எடுப்பது லேசில்லை. பழைய பத்திரங்களில் இன்றைய பெயரே இருக்காது. ஒருவர் மண்வாரி என்பார், இன்னொருவர் குடைவான் என்பார். தனக்கு முந்தைய காப்புரிமைகளின் பட்டியலை அமெரிக்கப் பத்திரங்கள் 1947-இலிருந்துதான் அச்சிடுகின்றன. அதற்கு முன்னால் வகைப்பாட்டு எண்ணே துணை. இன்றைய முறையில் பனி அகற்றுவது ‘ஈ01ஹெச்’ பிரிவில் வருகிறது. தெரு பெருக்குவது, கடற்கரையைச் சுத்தம் செய்வது, மூடுபனியைக் கலைப்பது எல்லாம் அதே அலமாரியில்தான்.

இந்தப் பத்திரங்களில் படங்களைவிட முன்னுரைப் பத்திகள்தான் சுவை. முந்தைய எந்திரம் எங்கே சொதப்பியது என்பதை விண்ணப்பதாரர் அங்கேதான் கொட்டித் தீர்ப்பார். ஈரப்பனி குழாயை அடைத்துக்கொள்ளும். பனிக்குள் கிடக்கும் கல் திருகில் சிக்கினால் பல்சக்கரப் பெட்டியே நொறுங்கும். அதற்காகவே வேண்டுமென்று பலவீனமாகச் செய்த ஆணி ஒன்றைத் திருகின் தண்டில் மாட்டுகிறார்கள். கல் சிக்கினால் அது முறிந்து மற்றதைக் காப்பாற்றும்.

சிக்கார் காலத்து அமெரிக்கக் காப்புரிமை பதினேழு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். பழைய எந்திரத்தைப் பழுதுபார்க்க அந்தப் படத்தை விரிப்பவர் அதில் அளவுகளைத் தேடக் கூடாது. பாகங்களுக்கு எண் இருக்கும், அங்குலக் கணக்கு இருக்காது. அதற்குத் துருப்பிடித்த எந்திரத்திடமே போய் டேப்பை வைத்து அளக்க வேண்டியதுதான்.