செருப்பில் புகுந்த பரல்

ஆறுதல் சொல்லத் தெரிந்தவன் என்று பேர் வாங்குவதற்காகவே இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் உண்டு. நானும் அப்படி வந்தவன்தான். தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் உபதேசியாராக இருந்த என் தகப்பனார், சாவு வீட்டுக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் அதே வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகையால் மனோதத்துவம் படித்துப் பட்டம் வாங்கி, பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுகூட, அவர் செய்த வேலையையே, சம்பளம் சற்றுக் கூடுதலாகவும் ஜெபம் சற்றுக் குறைவாகவும், நான் செய்யப்போகிறேன் என்ற எண்ணந்தான் இருந்தது. ஆறுதல் சொல்லாமல் இருப்பதே சில வியாதிகளுக்குச் சிகிச்சை என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறேழு வருஷம் பிடித்தது. அதைக் கற்பித்தவர்கள் ஒரு பெண்ணும் ஒரு குருவானவரும்.

விசுவாசிகள் என்னிடம் வரும் விதம் தனி. ஊரில் நடக்கும் உபவாசக் கூட்டங்களும் கன்வென்ஷன்களும் ஆகி, எண்ணெய் பூசி ஜெபித்ததும் ஆகி, எல்லாவற்றுக்கும் கடைசியில், இருட்டிய பிறகு மாடிப்படி ஏறுவார்கள். சபையில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் உட்கார்ந்த பிறகும் தோளை விட்டு இறங்காது. முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: "மாத்திரை போட்டா விசுவாசம் இல்லைன்னு ஆயிருமா ஐயா?" இதற்கு என்னிடம் தயாராகப் பதில் இருந்தது. மரணத்தறுவாயில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்ட பிறகும் பிளவையின்மேல் அத்திப்பழ அடை வைக்கப்பட்டதையும், பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சிபாரிசு செய்ததையும், சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிப் படுத்துக்கொண்ட எலியாவுக்கு முதலில் வந்தது பிரசங்கமல்ல, தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் நல்ல தூக்கமும் என்பதையும் எடுத்துச் சொல்வேன். உபதேசியார் மகன் என்ற முறையில் இந்த வசனங்கள் எனக்குக் கைவந்தவை. கேட்டவர்களும் சமாதானம் அடைந்து, மாத்திரை எழுதுகிற வைத்தியருக்கு நான் கொடுக்கும் சீட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். இதுவே என் தொழிலின் சாமர்த்தியம் என்று நான் நினைத்திருந்த காலத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். அவளுடைய சம்மதத்தின்பேரில், ஊரும் உறவும் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன்.

இருபத்தாறு வயது, ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு திருவிருந்து ஆராதனையில், பீடத்தின் முன் முழந்தாளிட்டுக் கையேந்தியிருந்த கணத்தில், பரிசுத்த ஆவியானவரைப் பற்றி வாயால் சொல்லத்தகாத ஒரு வசைச்சொல் அவள் மனத்தில் தானாக வந்து விழுந்திருக்கிறது. அவள் அழைக்கவில்லை, விரும்பவில்லை. வந்து விழுந்தது, அவ்வளவே. இப்படிப்பட்ட அபத்த எண்ணங்கள் ஏறக்குறைய எல்லார் மனத்திலும் எப்போதாவது தலைகாட்டி மறைபவைதான். ஆனால் அவளோ வேதம் தெரிந்தவள். எல்லாப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, ஆவிக்கு விரோதமான தூஷணத்துக்கு மட்டும் இல்லை என்று மாற்கு சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம் சொல்வது அவளுக்கு மனப்பாடம். அன்றிலிருந்து அவள் அந்தச் சொல் திரும்ப வராதபடி காவல் இருக்கத் தொடங்கினாள். காவல் இருந்ததனாலேயே அது நூறு தடவை வந்தது. வந்த ஒவ்வொரு தடவையும் ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். பத்து நிமிஷ ஜெபம் நாலு மணி நேரம் ஆயிற்று. திருவிருந்தை நிறுத்தினாள், பிறகு ஆலயத்தின் கடைசி வரிசைக்கு நகர்ந்தாள், பிறகு வாசலோடு நின்றாள். யாரோ ஒரு பிரசங்கியார் அவளுக்குள் தூஷண ஆவி இருப்பதாகச் சொல்லி மூன்று நாள் உபவாசம் விதித்ததில் எலும்பும் தோலுமாய் ஆனவளை, தாயார் ஒரு மனநல வைத்தியரிடம் கொண்டுபோக, அவர் மருந்தைத் தொடங்கிவிட்டு என்னிடம் அனுப்பினார்.

எண்ணச் சுழற்சி நோய் என்றும் ஓ.சி.டி. என்றும் சொல்லப்படுகிற இது, சிலருக்குக் கைகழுவுவதாகவும், சிலருக்குக் கதவுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதாகவும், பக்தியுள்ளவர்களில் சிலருக்கு இப்படிப் பாவ பயமாகவும் வரும். மனம் தனக்கு மிகவும் அருமையானது எதுவோ அதையே பிடித்து உலுக்குவது இந்த வியாதியின் ஸ்வபாவம். குழந்தையை உயிராய் நினைக்கிற தாய்க்குக் குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவேனோ என்று வரும், கடவுளை உயிராய் நினைக்கிறவளுக்குக் கடவுளைத் திட்டிவிடுவேனோ என்று வரும். கிறிஸ்தவ உலகத்துக்கு இது புதிதுமல்ல. இக்னேஷியஸ் லொயோலா 1522-ல் மன்ரேசாவில் இருந்தபோது, செய்த பாவசங்கீர்த்தனத்தையே மறுபடி மறுபடி செய்து, தீராமல், ஒரு வாரம் அன்ன ஆகாரமின்றிக் கிடந்தார். உபவாசத்தை முறிக்கச் சொல்லிக் கட்டளையிட்டது அவருடைய ஆத்ம குருவே. மனத்துக்குள் கிறிஸ்துவை விற்றுவிட்டதாக ஜான் பனியன் பட்ட பாட்டை 1666-ல் வெளிவந்த அவருடைய சுயசரிதையில் காணலாம். இந்த விதமான சந்தேகத்துக்கு மேல்நாட்டுச் சபையார் வைத்த பேர், கூரிய சிறு கல்லைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செருப்பில் பரல் புகுந்தாற்போல என்று நம்மவர்கள் சொல்லக்கூடியது அதுதான்: கண்ணுக்குச் சிறிது, ஒவ்வொரு அடியிலும் உறுத்துவது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும் நான் என்ன செய்தேன்? உபதேசியார் மகன் விழித்துக்கொண்டான். அந்த வசனம் யாரை நோக்கி, எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது, கண்முன் நடந்த நன்மையைப் பிசாசின் வேலை என்று தெரிந்தே பழித்த வேதபாரகரைப் பற்றியல்லவா அது, தன் பாவத்தை நினைத்துக் கலங்குகிறவள் அந்தப் பாவத்தைச் செய்திருக்க முடியாது என்பதற்குக் கலக்கமே சாட்சியல்லவா என்று, வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவளுக்கு வியாக்கியானம் செய்தேன். அவள் முகம் தெளிந்து படியிறங்கிப் போகும்போது எனக்கு இருந்த திருப்தியைச் சொல்லி முடியாது. மறுநாள் போன் வரும்: "ஐயா, நேத்துச் சொன்னீங்கல்லா, அதுல ஒரு சின்ன சந்தேகம்..." மூன்றாவது மாதத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போன் வந்தது. ஏல்–பிரவுன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. பத்துக் கேள்விகள், நாற்பது மதிப்பெண், எண் ஏற ஏற வியாதி கடுமை. வந்த அன்று அவளுக்கு 29. மூன்று மாதம் மருந்தும் என் வியாக்கியானமும் ஆன பிறகு 31.

என் மூத்த சகா ஒருவரிடம் கேஸ் நோட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் தேவநம்பிக்கை இல்லாதவர். விசுவாசிகளின் பேச்சைக் கேட்டாலே 'மதச் சிந்தனை மிகுதி' என்று எழுதிவிட்டு மேலே போகிற ரகம் என்று நான் உள்ளுக்குள் கொஞ்சம் இளப்பமாக நினைத்திருந்தவர். முழுக்கப் படித்துவிட்டு, "அவ நாலு மணி நேரம் ஜெபம் பண்ணுதா. அதுல நீரும் ஒரு ஜெபமா ஆயிட்டீரு, அவ்வளவுதான்" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. கைகழுவுகிறவனுக்குச் சோப்பு எதுவோ, அவளுக்கு என் ஆறுதல் அதுவாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு சமாதானமும் ஒரு மணி நேரம் தணித்து, தணிந்ததனாலேயே அடுத்த சமாதானத்தை அவசியமாக்கியிருக்கிறது. லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966-ல் இரண்டு நோயாளிகளைக் கொண்டு விவரித்துக் காட்டிய முறையின் சாரமே, பயத்தை எதிரே வரவிட்டு, அதைத் தணிக்கும் சடங்கைச் செய்யாமல் நிறுத்திவைப்பதுதான். பரீட்சைக்கு இதைப் பாராமல் எழுதியவன் நான். ஆனால் சடங்கு என்பது தண்ணீரும் சோப்புமாக இல்லாமல் வேதவசனமாக வந்தபோது எனக்கு அடையாளம் தெரியாமற்போயிற்று. அது என் தகப்பனாரின் குரலில் வந்ததே காரணம்.

நான் நிறுத்தினால் மட்டும் போதாது. அவள் ஒவ்வொரு சாயங்காலமும் ஐயர் வீட்டுக்குப் போய்த் தலையில் கைவைத்து ஜெபித்துக்கொள்கிறாள் என்பது தெரியவந்தது. (எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றே சொல்லுவார்கள், வெளியூர் வாசகர்கள் குழம்பவேண்டாம்.) அவளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், சாந்தமானவர். கருப்பட்டிக் காபி கொடுத்தார். வந்த காரியத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு குருவானவரிடம் போய் ஜெபிக்காதேயும் என்று சொல்வதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் வாசகம் எழுதி வைக்கப்படவில்லை. கடைசியில் எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டு வார பிள்ளைகிட்ட மாட்டேன்னு சொல்லதுக்கா எனக்கு அங்கி போட்டு விட்டாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாயிருந்தது.

நான் மேயரைச் சொல்லவில்லை, இக்னேஷியஸைச் சொன்னேன். உபவாசத்தை முறிக்கச் சொன்ன அந்த குரு, பக்தியைக் குறைக்கவா சொன்னார்? ஐயர் எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வந்தார். "பாவமன்னிப்பு ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் சேத்து ஒரு தடவை சொல்லுதேன். அது அவளுக்கும் சேத்துத்தான். பிறகு வீட்டுக்கு வந்து தனியாக் கேட்டா, அன்னைக்குச் சொன்னது செல்லாதுன்னுல்லா ஆகுது?" என்றார். நான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது. என்னிடமிருந்து வந்திருந்தால் இன்னொரு வியாக்கியானமாயிருக்கும்; அவரிடமிருந்து வந்ததனால் ஒழுங்காயிற்று. அவளுக்காக அவர் தினமும் ஜெபிப்பார், அவள் இல்லாத வேளையில். அவள் கேட்டு வந்தால், "ஞாயித்துக்கிழமை சொன்னேனேம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார், ஒரு காபி கொடுத்து அனுப்புவார் என்று பேசி முடித்தோம்.

இன்னொரு உபகாரமும் அவரிடமிருந்து கிடைத்தது. இந்தச் சிகிச்சையில் பயப்படுகிற காரியங்களை எளியதிலிருந்து கடியதுவரை படிப்படியாக அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யவேண்டும். பக்தி விஷயத்தில் எதுவரை போகலாம் என்பது தொழிலில் நாங்கள் தர்க்கிக்கிற கேள்வி. தூஷணத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது, வேதாகமத்தை அவமதிக்கச் சொல்வது போன்றவற்றுக்கு நான் ஒருநாளும் இசையமாட்டேன். வியாதியைத் தீர்ப்பதற்காக அவள் மனச்சாட்சியை உடைக்க எனக்கு உரிமையில்லை என்பது என் அபிப்பிராயம். அப்படியானால் எல்லைக்கோடு எது? சபையில் சாதாரணமான ஒரு விசுவாசி எவ்வளவு நேரம் ஜெபிக்கிறார், ஜெபத்தின் நடுவே அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்தால் என்ன செய்கிறார் என்று ஐயரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்கே வரும். அப்படியே தொடர்ந்து சொல்லிட்டுப் போவேன்" என்றார். அதுவே அளவாயிற்று. பத்து நிமிஷ ஜெபம். எந்த எண்ணம் வந்தாலும் திரும்ப ஆரம்பிக்கக்கூடாது. மாற்கு மூன்றாம் அதிகாரத்தை உரத்து வாசித்துவிட்டு, விளக்கம் தேடாமல் வேதாகமத்தை மூடுவது. கடைசி வரிசை, நடு வரிசை, முன் வரிசை. கடைசிப் படி, அந்தச் சொல் மனத்தில் இருக்கும்போதே பீடத்தண்டை போய்க் கையேந்துவது.

மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவு பெரும்பாலும் தேவைப்படும். பலன் சரியாகத் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். இரண்டாம் வாரத்தில் 'ஜெபமும் கேட்கல, மாத்திரையும் கேட்கல' என்று இரண்டையும் ஒருசேரக் கைவிடுகிறவர்கள் அநேகர். இவள் கைவிடவில்லை, தாயார் விடவில்லை. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1950-களின் கடைசியில் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கிய காலந்தொட்டுக் குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொண்டதன் நியாயம், அந்தத் தாயாரைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுக்க விளங்கிற்று. மகள் "நான் மன்னிக்கப்பட்டிருப்பேனாம்மா?" என்று கேட்டால் பதில் சொல்லாமலிருக்க அந்த அம்மாள் பட்ட பாடு, மகள் பட்டதற்குக் குறைந்ததல்ல.

குற்றவுணர்ச்சி என்று வருகிறவர்கள் எல்லாரும் இவளைப்போல் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கமில்லை, மாத்திரை எழுதுகிற வைத்தியரிடம் அனுப்புங்கள் என்று ஒருவர் வந்தார். பேச்சுக்கொடுத்ததில், தம்பி பங்கு நிலத்தைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டவர் என்று தெரிந்தது. அவருக்கு வந்தது வியாதியல்ல, வரவேண்டியது. வைத்தியரைப் பார்ப்பதில் ஆட்சேபமில்லை, ஆனால் முதலில் தம்பியைப் பாரும் என்றேன், பிறகு வரவேயில்லை. பரல் எது, முள் எது என்று பிரித்தறிவதில் இன்றைக்கும் எனக்குத் தவறு நேர்கிறது.

அவள் திருவிருந்து எடுத்தது சிகிச்சை திரும்பத் தொடங்கிய ஏழாவது மாதத்தில். அன்று மத்தியானம் போன் வந்தது. "அந்தச் சொல்லு வந்துச்சு ஐயா, அப்பமும் வாங்கினேன்" என்றாள். என் தொண்டை வரை ஒரு வசனம் வந்தது. விழுங்கிக்கொண்டு, "சரிம்மா" என்றேன். அளவுகோலில் பிறகு 14 வரை இறங்கிற்று, பூஜ்யம் ஆகவில்லை.

எங்கள் சபைகளில் சில வருஷத்துக்கு ஒருமுறை குருவானவர்களுக்கு இடமாற்றம் உண்டு. காபி கொடுத்த ஐயர் போன மாதம் கடற்கரைச் சேகரம் ஒன்றுக்கு மாறிப்போனார். புதிதாக வந்திருப்பவர் இளைஞர், ஊக்கமுள்ளவர். வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறாராம். முதல் வாரமே அவள் வீட்டுக்கும் வந்து, விஷயத்தைத் தாயாரிடம் அரைகுறையாகக் கேட்டறிந்து, மனமிரங்கி, தினமும் சாயங்காலம் வந்து அவள் தலையில் கைவைத்து ஜெபிப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரும் திங்கட்கிழமை பஸ் ஏறவேண்டும்.